கதிருக்கு, அந்த ஆரஞ்சுக் குட்டியைப் பற்றி

கதிர்,

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாய், அதனால்தான் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். அத்தை மேல் கோபப்படாதே. நீ நேற்றுப் போட்ட வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். பம்பர்ஸ் கட்டிவிட்டு, கழுத்தில் ரிப்பன் வேறு, கையில் பால் புட்டியோடு அந்த லோத்தோங் குரங்குக் குட்டி உன் தோளில் சாய்ந்திருக்கிறது. அழகுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அது உன் பனியனை எப்படிப் பிடித்திருக்கிறது, கவனித்தாயா? தாய் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தாவும்போது விழாமல் இருக்க வயிற்று முடியைப் பிடிக்கிற பிடி அது. நீ அதற்குக் கீழே ‘என் மேல் எவ்வளவு பாசம்’ என்று எழுதியிருக்கிறாய்.

உனக்கு அட்வைஸ் பண்ண எனக்கு என்ன தகுதி என்றால், நானும் இதைச் செய்தவள். நிபோங் திபால் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது, எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், உன் தாத்தா செம்பனைக் காட்டிலிருந்து ஒரு மூசாங் குட்டியை, மரநாய்க் குட்டியைத்தான் சொல்கிறேன், துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். டின்பாலைச் சுடுதண்ணீரில் கலக்கிப் பஞ்சில் நனைத்து ஊட்டினோம். எப்படியோ பிழைத்தது. அடுப்படியில் படுக்கும், இட்லி தின்னும், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பாவாடையைப் பிடித்து ஏறும். பெரிதாகிக் கோழிக்கூண்டைச் சுற்ற ஆரம்பித்ததும் தாத்தா அதைச் சாக்கில் போட்டுக் காட்டோரத்தில் விட்டுவிட்டு வந்தார். நல்ல காரியம் என்றுதான் நினைத்தோம். மூன்றாம் நாள் அது பின்னால் இருந்த லயத்து வரிசை வீடுகளில் யார் வீட்டு அடுப்படிக்குள்ளோ நேராக நடந்து போயிருக்கிறது. விறகுக்கட்டையால் ஒரே அடி. அடித்தவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆளைக் கண்டால் ஓடு என்று நாங்கள் அதற்குச் சொல்லிக் கொடுக்கவேயில்லையே.

கென்யாவில் டாஃப்னி ஷெல்ட்ரிக் என்று ஓர் அம்மா இருந்தார். தாயில்லாத யானைக்குட்டிகளுக்குப் பசும்பால் கொழுப்பு ஒத்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தபோது, பல வருஷம் போராடி, தேங்காய்க் கொழுப்பு சேர்த்தால் தாங்கும் என்று கண்டுபிடித்தவர். 1974-இல் ஆயிஷா என்ற குட்டியை அப்படி அவரே வளர்த்தார். மகள் கல்யாணத்துக்காகச் சில நாள் வெளியே போனார், குட்டி ஏக்கத்தில் சாப்பிடாமல் செத்துப்போனது. அதிலிருந்து அங்கே ஒரு வழக்கம்: ராத்திரி குட்டியோடு கொட்டடியில் ஒருவர் படுப்பார், ஆனால் தினமும் ஆளை மாற்றுவார்கள், எந்தக் குட்டியும் ஒரே ஆளோடு ஒட்டிவிடக் கூடாது என்று. அப்புறம் சாவோ என்கிற காட்டுக்குக் கொண்டுபோய், காட்டு யானைகளோடு எப்போது சேர்வது என்பதைக் குட்டியின் இஷ்டத்துக்கே விட்டுவிடுகிறார்கள். வருஷக்கணக்கில் ஆகும். அப்படிப் போன சில யானைகள் பின்னாளில் தங்கள் குட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போகுமாம். இதைப் படித்த அன்று எனக்குச் சமையலே ஓடவில்லை.

அவ்வளவு தூரம் எதற்கு, நம் சபா மாநிலத்திலேயே செப்பிலோக் என்ற மனிதக் குரங்கு மறுவாழ்வு மையம் இருக்கிறது, 1964-இலிருந்து. ஒராங் ஊத்தான் தாய் ஆறேழு வருஷம் பிள்ளையைக் கூடவே வைத்துச் சொல்லிக்கொடுப்பதை அங்கே மனிதர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள், மரம் ஏறுவதிலிருந்து. அங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது சாப்பாட்டு விஷயம்தான். மேடையில் வேண்டுமென்றே தினமும் ஒரே மாதிரிச் சாப்பாட்டை வைப்பார்களாம். சலித்துப்போய்க் காட்டுக்குள் போய்ப் பழம் தேடட்டும் என்று! நம் வீட்டில் எவளாவது பிள்ளைக்கு அப்படிப் போடுவாளா?

சரி, உன் குட்டிக்கு வருகிறேன். லோத்தோங் இலை தின்கிற ஜாதி, வயிறே அதற்கென்று பல அறையாக அமைந்தது. நீ கொடுக்கிற மாரி பிஸ்கட்டும் வாழைப்பழமும் அதற்கு ஆகாது. இன்னும் சில மாதத்தில் இந்த ஆரஞ்சு நிறமும் போய்ச் சாம்பல் நிறமாகிவிடும், அப்போது உன் வீடியோவை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று நான் கேட்கமாட்டேன். தாய் ரோட்டில் அடிபட்டது என்று எழுதியிருக்கிறாய். உங்கள் தெலுக் பஹாங் ரோட்டுக்கு மேலே, பழைய தீயணைப்புக் குழாய்களை வைத்து 2019-இல் இந்தக் குரங்குகளுக்காக வேலை செய்கிற லங்கூர் புரொஜெக்ட் பினாங்கு குழு கட்டிய பாலம் எதற்கு என்று நினைத்தாய்? இவை இறங்கி ரோட்டைக் கடக்காமல் இருக்கத்தான். தாய் போனாலும் கூட்டம் போகவில்லை கதிர். லோத்தோங் கூட்டத்தில் மற்ற பெண் குரங்குகளும் குட்டியை வாங்கித் தூக்கி வைத்துக்கொள்ளும், நம் லயத்தில் பெரியம்மா சின்னம்மா மாதிரி. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறாயோ அவ்வளவுக்கு வழி இருக்கிறது.

வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பது உனக்கே தெரியும், 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதைச் சொல்லிப் பயமுறுத்த வரவில்லை. காலையில் முதல் வேலையாகப் பெர்ஹிலித்தானுக்கு, அதுதான் வனவிலங்கு இலாகாவுக்கு, போன் போடு. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு எடுத்தாய் என்று சரியாகச் சொல், கூட்டத்தைத் தேட அதுதான் வேண்டும். அவர்கள் வரும்வரை ரிப்பனையும் பம்பர்ஸையும் கழற்றிவிட்டு, காற்று போகிற அட்டைப்பெட்டியில் பழைய துவாலையைச் சுருட்டி வை, பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் அதற்கு. அறையை இருட்டாக்கு. டிவி வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டாதே.

கத்தும். ராத்திரி முழுக்கக் கத்தினாலும் கத்தும். தாங்க முடியவில்லை என்றால் எனக்குப் போன் பண்ணு, நான் தூங்கியிருக்கமாட்டேன்.

அத்தை
ஆயர் ஈத்தாம்