தொப்பூரில் வண்டியை நிறுத்தச் சொன்ன அண்ணனுக்கு

என் வீட்டுக்காரர் புது கம்பெனியில் ட்ரெய்லர் ஓட்டப் போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. பேட்டா ஒழுங்காக வருகிறது. ஆனால் திறந்த தளத்தில் 'காயில்' என்கிற இரும்புத் தகட்டுச் சுருள் ஏற்றிப் பழக்கமில்லாதவர்.

போன வாரம் பெல்லாரி லோடோடு சேலம் திரும்பும்போது, தொப்பூர் மலைப்பாதை இறக்கத்துக்கு முன்னாலேயே ஹாரன் அடித்து ஓரங்கட்ட வைத்தீர்களாம். காயிலைக் கட்டியிருந்த ஒரு சங்கிலி தளர்ந்திருந்ததாம். அப்படியே இறங்கி பிரேக் பிடித்திருந்தால் காயில் நேராக கேபினுக்குத்தான் வந்திருக்கும். நினைத்தாலே கை நடுங்குகிறது. கூடவே நின்று இறுக்கிக் கட்டிக்கொடுத்து, "நியூட்ரல் போடாதே தம்பி, சின்ன கியர்லயே இறங்கு" என்று அனுப்பியிருக்கிறீர்கள்.

பெயர் கேட்காமல் வந்துவிட்டேனே என்று இவருக்கு இன்னும் வருத்தம். நாமக்கல் வண்டி என்று மட்டும் தெரியும்.

விடியற்காலை நாலு மணிக்குக் கதவைத் தட்டினார். உங்கள் வீட்டில் அண்ணியும் அந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருப்பார்கள். அவர்களுக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள் அண்ணா.