ஆகஸ்ட் 15 படைவீரர் அணிவகுப்பும் 1914-1919 நினைவுக்கல்லும்: மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
படைவீரர், முன்னாள் படைவீரர் குடும்பத்தினர்,
கணியம்பாடி ஊராட்சி ஒன்றியம், வேலூர் மாவட்டம்.
(பெயர், படை எண், கையொப்பம் இணைப்பில்)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், வேலூர்.

பொருள்: மழைநீர் வடிகால் பணியில் முதல் உலகப்போர் நினைவுக்கல்லை உடையாமல் இடம் மாற்றி நடுதல், அதன் அருகே பெயர்ப் பலகை வைத்தல், ஆகஸ்ட் 15 அணிவகுப்புக்குப் போக்குவரத்து ஏற்பாடு செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே இந்த மாவட்டம் அழைக்கிறது. அதைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களிலும் தாத்தா, மகன், பேரன் என்று வரிசையாகப் பட்டாளத்துக்குப் போன வீடுகள் உண்டு. ஒருவர் வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட்டில் பயிற்சி முடித்தார் என்றால், அவர் தம்பி பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்திருப்பார். இந்தக் குடும்பங்கள் சுதந்திர தினத்தன்று காலையில் பள்ளிக்கூடத்திலிருந்து நினைவுக்கல் வரை 1,100 மீட்டர் அணிவகுத்து வருவது எங்கள் ஊர் வழக்கம். அந்தக் கல்லின் மேல் இப்போது வடிகால் பணிக்கான சிவப்புப் பெயிண்ட் குறி விழுந்திருக்கிறது. அதனால்தான் அவசரமாக இந்த மனு.

1914-1919 மகாயுத்தத்துக்குப் பிறகு ஆங்கிலேய அரசு பல ஊர்களில் நட்ட கற்களில் இதுவும் ஒன்று. இதில் பெயர் கிடையாது. இந்த ஊரிலிருந்து போனவர்கள் இத்தனை பேர், உயிர் துறந்தவர்கள் இத்தனை பேர் என்று இரண்டு எண்கள் மட்டுமே உண்டு. அந்த இரண்டாவது எண்ணுக்கு முன்னால்தான் எங்கள் அணிவகுப்பு நின்று வணக்கம் செலுத்துகிறது.

கல்லை எடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வடிகால் ஊருக்குத் தேவை. எடுக்கும் முறையைப் பற்றித்தான் கேட்கிறோம். கல் ஐந்தடி உயரம், இரண்டடி அகலம், அரையடி கனம். அதில் ஒன்றரை அடி மண்ணுக்குள் இருக்கிறது. கருங்கல் என்பதால் எடை ஏறக்குறைய 380 கிலோ வரும். ஜேசிபி பக்கெட்டை மேல்பாகத்தில் மாட்டி இழுத்தால் மண்மட்டத்தில் துண்டாகிவிடும். அடிப்பகுதி மண்ணில் இறுகிக் கிடக்க மேல்பகுதி மட்டும் வளைவதே காரணம். கருங்கல் பாரத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது.

ஆகவே சுற்றிலும் இரண்டடி ஆழத்துக்குக் கடப்பாரை, மண்வெட்டியால் ஆள் வைத்தே தோண்ட வேண்டும். கல்லின் அடிப்பகுதி முழுதும் தெரிந்த பிறகு, கோணிச்சாக்கை இரண்டு சுற்றுச் சுற்றி, துணிபெல்ட் இரண்டை மேலும் கீழும் போட்டு, மூன்று கால் தாங்கியில் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) மாட்டி நேராக மேலே தூக்க வேண்டும். இரும்புச் சங்கிலியை நேரடியாகக் கட்டினால் ஓர எழுத்துகள் தெறித்துவிடும். புது இடம் நான்கு மீட்டர் தள்ளி, ஊராட்சிப் புறம்போக்கிலேயே இருக்கிறது. அங்கே இரண்டடிக் குழி, அடியில் அரையடி ஜல்லி, அதன்மேல் கல்லை நிறுத்தித் தூக்குக்குண்டு பிடித்து, சுற்றிலும் ஜல்லியும் மணலும் போட்டு இடித்துக் கெட்டிக்க வேண்டும். முழுக்க சிமென்ட் கான்கிரீட் கொட்ட வேண்டாம். பின்னொரு நாள் சாலை மறுபடி அகலமானால், கான்கிரீட்டில் புதைந்த கல்லை உடைக்காமல் எடுக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விழாவுக்கு விழா எனாமல் பெயிண்ட் அடித்து அடித்து எழுத்துப் பள்ளங்கள் பாதி தூர்ந்துவிட்டன. விரலால் தடவினால்தான் சில எழுத்துகள் பிடிபடுகின்றன. கல்லைச் சுத்தம் செய்கிறோம் என்று ஆசிட் ஊற்றுவதோ, கிரைண்டர் ஓட்டுவதோ கூடாது. பெயிண்டைச் சீவிய மரக்குச்சியால் மெல்லச் சுரண்டி, வெறும் தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்தால் போதும். நாள் பிடிக்கும், ஆனால் எழுத்து தப்பும்.

பெயர்ப் பலகைக்கு வருகிறோம். இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களுக்கு காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவேடு இருக்கிறது. பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் உண்டு. தேடும்போது வேலூர் என்று தேடக்கூடாது, அன்றைய மாவட்டப் பெயரான வட ஆற்காடு என்று தேட வேண்டும். ஊர்ப் பெயர்களை ஆங்கிலேயர் எழுதிய விதமும் தாறுமாறாக இருக்கும் என்பதால், நாலைந்து எழுத்துக்கூட்டல்களில் பார்க்க வேண்டும். உயிரோடு திரும்பியவர்களுக்கு இப்படி ஒரு பதிவேடு இல்லை. குடும்பத்திடம் இருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகமும் (படையிலிருந்து விடுவித்தபோது தந்த பணிப் பதிவு) பதக்க விளிம்பில் பொறித்த எண்ணும் பெயரும்தான் சான்று. 1947க்குப் பிறகு பணியாற்றியவர்களுக்கு டிஸ்சார்ஜ் புத்தகமும் ஓய்வூதிய ஆணையும் போதும். இவற்றை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் சரிபார்த்துச் சான்றளித்த பிறகே பெயர் பொறிக்கப்பட வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிப் பொறித்தால் விடுபட்ட வீட்டுக்கும் சேர்ந்த வீட்டுக்கும் மனக்கசப்பு வரும். பலகை தனிப் பீடத்தில் இருக்கட்டும். பழைய கல்லில் துளை போட வேண்டாம்.

அணிவகுப்புக்கு எங்களுக்கு வேண்டியது காலை 7.00 முதல் 8.15 வரை ஒரு பக்கச் சாலை. ராணுவத் 'தேஜ் சல்' எனும் விரைவு நடை நிமிடத்துக்கு 120 எட்டு, ஓர் எட்டு 30 அங்குலம். அந்தக் கணக்கில் 1,100 மீட்டருக்கு 12 நிமிடம் போதும். ஆனால் முன்வரிசையில் எழுபது வயது தாண்டியவர்கள் நடக்கிறார்கள். உயிர் துறந்த வீரர்களின் வீட்டு வாசலில் அணி நின்று, பெயர் கூப்பிட்டு, 'சாவ்தான்' கட்டளையில் ஒரு நிமிடம் அசையாமல் நிமிர்ந்து நிற்கிறது. குடும்பத்தார் பதக்கத்தை வலது மார்பில் அணிந்து வாசலில் நிற்பார்கள். இடது மார்பு பதக்கம் பெற்றவருக்கு மட்டும் உரியது. இதற்கே 40 நிமிடம் ஆகிவிடும். அந்த நேரத்தில் டவுன் பஸ்ஸும் பால் வண்டியும் ஹாரன் அடித்துக்கொண்டு நடுவில் புகுந்தால் வரிசை சிதறுகிறது, பள்ளிப் பிள்ளைகள் ஓரச் சேற்றில் இறங்குகிறார்கள். இரு முனைகளிலும் ஒவ்வொரு காவலர் நின்று வண்டிகளை ஒரு பக்கமாக விட்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பள்ளிக் கொடியேற்றத்துக்கும் 11 மணி கிராம சபைக்கும் இதனால் தாமதம் வராது.

அணிவகுப்பில் மற்ற கொடிகள் வந்தால், தேசியக்கொடி நடப்பவர்களின் வலப்பக்கம் அல்லது வரிசையின் நடுவுக்கு முன்னால் போக வேண்டும் என்பது 2002 கொடிச் சட்டத் தொகுப்பின் விதி. கட்சிக்கொடி, சாதிக்கொடியோடு இருசக்கர வாகனங்கள் சேர்ந்துகொள்வதை நாங்கள் சொல்லித் தடுக்க முடிவதில்லை. அனுமதி ஆணையிலேயே அதை நிபந்தனையாக எழுதித் தர வேண்டுகிறோம்.

கொடிக்கம்பம் பற்றிச் சுருக்கமாக. 1800க்கு 1200 மில்லிமீட்டர் கொடிக்கு ஆறரை மீட்டர் கம்பம் சரியாக இருக்கும். இப்போதுள்ள குழாய் மண்மட்டத்தில் துருப்பிடித்து மெலிந்துவிட்டது. பீடத்தின் மேற்பரப்பு குழிந்து தண்ணீர் தேங்குவதே காரணம். புதுப் பீடத்தை வெளிப்புறம் சரிவாகப் பூச வேண்டும். கயிற்றையும் கவனிக்க வேண்டும்: பருத்திக் கயிறு இரவு மழையில் நனைந்தால் முடிச்சு இறுகி, இழுக்கும்போது கொடி விரியாது. கப்பிக்கு எண்ணெய் விட்டு, முந்தைய நாள் மாலையே ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்ப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கம்பமும் பீடமும் மட்டும் ஊராட்சி நிதியில் வேண்டும்.

கல்லை எடுத்து நடும் வேலைக்கு ஆளும், செயின் பிளாக் வாடகையும் எங்கள் பொறுப்பு. உதவிப் பொறியாளர் ஒருவர் உடனிருந்து புது இடத்தை அளந்து குறித்துத் தந்தால் ஒரே நாளில் முடித்துவிடுவோம். ஜூலை 15க்குள் கல் நடப்பட்டால், ஆகஸ்ட் 15க்குள் ஒரு மாத மழையில் ஜல்லி படிந்து, சாய்வு ஏதும் வந்தால் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். அதுவரை கல்லைச் சுற்றி மூன்று மீட்டருக்குள் இயந்திரம் இறங்கக் கூடாது என்று பணி ஒப்பந்தக்காரருக்கு இன்றே எழுத்து மூலம் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: கல்லின் நான்கு பக்கப் புகைப்படங்கள், புது இடத்தின் வரைபடம், அணிவகுப்புப் பாதை, டிஸ்சார்ஜ் புத்தக நகல்கள், கையொப்பப் பட்டியல்.

இப்படிக்கு,
படைவீரர், முன்னாள் படைவீரர் குடும்பத்தினர்