1984 தேர்தலும் என் வீடியோ டெக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பதவியில் இருந்துகொண்டே மறுபடியும் ஜெயித்த முதல்வர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1984-ஐ 'அனுதாப அலை' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அக்டோபர் 31-ல் இந்திரா காந்தி கொல்லப்பட்டார், எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் கிடந்தார், ஓட்டு கொட்டியது. சரி, அதுவும் உண்டு. ஆனால் நான் அந்தத் தேர்தலை அவர் நின்ற ஆண்டிபட்டி தொகுதிக்குள்ளேயே, ஒரு டி.வி. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

அப்போது தேனி மாவட்டம் கிடையாது, நாங்கள் மதுரை மாவட்டம். கல்யாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் வீடியோ கேசட் ஓட்டும் டெக்கை வாடகைக்கு விடுவது என் பிழைப்பு. தேர்தல் நெருங்கியதும் கட்சிக்காரர் ஒருவர் வந்து பத்து நாளைக்கு மொத்தமாகப் பேசினார். கலர் டி.வி., டெக், ஜெனரேட்டர், நான் எல்லாம் ஒரே வேனில். கடமலைக்குண்டு, வருசநாடு பக்கம் ராத்திரிக்கு மூன்று ஊர். மண் ரோட்டுப் புழுதி, டெக்குக்குள் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஏறிவிடும். ஒவ்வொரு ஊரிலும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த பிறகுதான் கேசட்டைச் செருகுவேன்.

கேசட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் எம்.ஜி.ஆர். உட்கார்ந்திருப்பார், சாப்பிடுவார், அவ்வளவுதான். பார்த்ததும் அழுவார்கள் என்று நினைத்தேன். அழுதார்கள், ஆனால் பிற்பாடு. முதலில் முறைத்துப் பார்த்தார்கள். ஆள் போய்விட்டார், மறைக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஓரிடத்தில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, அந்தச் சாப்பிடுற இடத்தை இன்னொருக்கா ஓட்டு" என்றார். நான்கு தடவை ஓட்டினேன். "மெல்லுறாரு, முழுங்குறாரு. இருக்காரு" என்று சொல்லிவிட்டு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனார். அதை அனுதாபம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போலீஸ்காரர் சாட்சியை விசாரிப்பது மாதிரி இருந்தது.

படம் முடிந்தும் கலையாத பெண்கள் பேசியது சத்துணவைப் பற்றி. 1982 ஜூலையில் வந்த திட்டம். இவர் இல்லாவிட்டால் பிள்ளைக்குப் போடும் சோறு நின்றுபோகுமோ என்பது அவர்கள் கவலை. 1981-ல் சாராயக் கடையைத் திறந்துவிட்டதற்கு அதே வாயால் திட்டவும் செய்தார்கள். திட்டிவிட்டு இரட்டை இலையில்தான் குத்தினார்கள்.

டிசம்பர் 24 வாக்குப்பதிவு. அ.தி.மு.க. 132, கூட்டணியில் இருந்த காங்கிரஸ் 61, தி.மு.க. 24. தொகுதிப் பக்கமே வராமல் ஜெயித்தவர், 1985 பிப்ரவரியில் ஊர் திரும்பி மூன்றாம் முறையாகப் பதவியேற்றார். (மூன்று வருடம் கழித்து அவர் இறந்ததும் ஒரு டிசம்பர் 24-ல்தான்.)

என் வாடகையில் பாதி இன்னும் பாக்கி. கேட்டபோது, "தலைவர் வரட்டும்ணே" என்றார் கட்சிக்காரர். தலைவர் வந்துவிட்டார், அப்புறம் இவரைத்தான் காணவில்லை. கேசட்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. கட்டுரையாளருக்கு வேண்டுமானால் தருகிறேன். ஓட்டிப் பார்க்க டெக்கை அவர்தான் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் வீடியோ கடைக்காரன்,
தேனி மாவட்டம்.