உன் பழைய கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன

அன்புள்ள செல்வி,

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. சத்தியமாகச் சோம்பல் இல்லை. "விபத்துக்குப் பிறகு நான் வேறு ஆளாகிவிட்டேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கென்னவோ முன்பே இப்படித்தான் இருந்தேனோ என்று தோன்றுகிறது, நீதானே இதைப் படிக்கிறவள், சொல்லேன்" என்று போகிற போக்கில் கேட்டுவிட்டாய். பதினொரு வருடமாக நான் குடைந்துகொண்டிருப்பதே அந்த ஒரு கேள்வியைத்தான்!

மனக்காயத்தையும் சுபாவத்தையும் ஆராய்கிற எங்கள் வேலையில் பெரிய தொல்லை என்னவென்றால், எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் ஆட்கள் எங்களிடம் வருகிறார்கள். ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேள்வித்தாளை நிரப்புகிறார். எளிதில் கலங்கும் இயல்பு என்ற அளவுகோலில் மதிப்பெண் உச்சத்தில் நிற்கிறது. சரி, அது மனக்காயத்தால் வந்ததா, முன்பே இருந்து அந்தக் காயத்தை ஆழமாக்கியதா? மாதக்கணக்கில் தூக்கம் கெட்டவர் "நான் பதற்றப்படுகிறவன்" என்ற வரிக்கு ஆமாம் என்றுதான் போடுவார். அங்கே நான் அளந்தது அவருடைய சுபாவத்தையா, நோயின் அறிகுறியையா? தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆளைக் கேட்டால் தெரியாதா என்பாய். சிறுவயதுக் கொடுமைகளை அந்த வயதிலேயே பதிவு செய்து, வளர்ந்த பிறகு அவர்களிடமே கேட்டுப் பார்த்த 16 ஆய்வுகளை 2019இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பதிவில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெரியவர்களான பின் அதைச் சொல்லவில்லை. சொன்னவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பழைய பதிவு இல்லை. யாரும் பொய் சொன்னார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பதிவேட்டுக்கு எட்டாதது எவ்வளவோ உண்டு, சொல்ல விரும்பாததும் உண்டு.

அதிர்ச்சி வந்தால் ஆள் உடைந்துதான் போவார் என்று நினைப்பதும் தப்பு. 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆண்களில் சுமார் 60 சதவீதமும் பெண்களில் சுமார் 51 சதவீதமும் வாழ்நாளில் ஒரு கொடிய நிகழ்வையாவது சந்தித்திருந்தார்கள். பி.டி.எஸ்.டி., அதாவது அப்படிப்பட்ட அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கிற மனநோய், வந்தவர்களோ மொத்தத்தில் 7.8 சதவீதம்தான். முன்பே எளிதில் கலங்குகிறவர்களுக்கு அது வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். அந்த 'சற்று' என்ற சொல்லை மறந்துவிட்டு, "அவள் எப்பவும் பயந்தாங்கொள்ளி, அதான்" என்று முடித்துவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். என்ன நடந்தது, எத்தனை முறை, யார் செய்தது, பிறகு பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் எங்கே போயிற்று?

ஒரு வேடிக்கை சொல்லவா? பி.டி.எஸ்.டி., பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சியும் உறவுகளும் நிலைகொள்ளாமல் தவிக்கிற சுபாவத்துக்கு வைத்த பெயர்), இரண்டு பெயர்களும் அமெரிக்க மனநோய்க் கையேட்டில் ஏறியது ஒரே வருடம், 1980இல். முதல் பெயர் 'உனக்கு ஏதோ நடந்தது' என்கிறது. இரண்டாவது 'நீயே இப்படித்தான்' என்கிறது. சிறுவயதிலிருந்து அடிபட்டு வளர்ந்த ஒரு பெண்ணுக்கு எந்தப் பெயர் கிடைக்கும் என்பது பல நேரம் அவள் எந்த மருத்துவரின் அறைக்குள் நுழைந்தாள் என்பதைப் பொறுத்தது. நீண்டகாலக் கொடுமைக்குத் தனிப் பெயர் வேண்டும் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இலேயே எழுதினார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11 அப்படியொரு பெயரைச் சேர்த்துக்கொண்டு நடைமுறைக்கு வந்தது 2022இல். முப்பது வருடம்!

அப்புறம், உன் விஷயம். விபத்துக்கு முந்தைய உன் கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய என்னிடம் இருக்கின்றன. எங்களுக்கு லேசில் கிடைக்காத 'முன்' பதிவு. போன ஞாயிறு உட்கார்ந்து படித்தேன். என் மாணவி இதை ஆய்வென்று கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன், இருந்தாலும் சொல்கிறேன். கதவைப் பூட்டினோமா என்று மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்க்கிற செல்வி அப்போதே இருந்தாள். ஆனால் அதைச் சொல்லித் தன்னையே கிண்டல் செய்துகொண்டாள். விபத்துக்குப் பிந்தைய கடிதங்களில் பூட்டு இருக்கிறது, கிண்டலைக் காணோம். ஆக, நீ சொல்வதும் சரி, உன் வீட்டார் சொல்வதும் சரி.

போன கடிதத்தில் உன் மூட்டு வலியைப் பற்றி ஒன்று எழுதியிருந்தாய் பார், படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

அந்தப் பழைய கடிதங்களை நகல் எடுத்து அனுப்பவா, வேண்டாமா? யோசித்து எழுது.

உன்,
மீனா