கூடத்து மரங்கள் ஏன் இலையுதிர்க்கின்றன?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குமரி மாவட்டத்தில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில், பால்காய்ச்சு முடிந்த கையோடு கூடத்தின் மூலையில் ஆளுயர அழகு மரம் ஒன்றை நிறுத்தும் வழக்கம் சில ஆண்டுகளாகப் பரவி வருகிறது. பெரும்பாலும் அது பெஞ்சமினா எனப்படும் மரமாகவோ, அகன்ற இலை கொண்ட ரப்பர் செடியாகவோ இருக்கிறது. ஆனால் வாங்கிய சில வாரங்களுக்குள் இலைகள் கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட, ‘நமக்கு இது ராசியில்லை’ என்று சொல்லி அதைத் தெருவோரம் தூக்கி வைத்துவிடுவதைப் பல இடங்களில் காண்கிறேன். ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. விற்கும் இடத்தில் சொல்லப்பட வேண்டியவை சொல்லப்படாததே காரணம் என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பெஞ்சமினா, ஆலும் அரசும் அத்தியும் சேர்ந்த குடும்பத்து மரம். தாய்லாந்தின் தலைநகரான பாங்காக் அதைத் தன் நகர மரமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நர்சரியில் நல்ல வெளிச்சத்தில் வளர்ந்தபோது உருவான இலைகள் அந்த வெளிச்சத்துக்கு ஏற்றபடி தடித்தவை. மங்கலான கூடத்துக்குள் வந்ததும் அத்தனை இலைகளையும் தாங்கும் அளவுக்கு உணவு தயாரிக்க முடியாமல், மரம் பழைய இலைகளில் ஒரு பகுதியை உதிர்த்துவிட்டு, குறைந்த வெளிச்சத்துக்குப் பொருந்தும் மெல்லிய இலைகளைப் புதிதாக விடத் தொடங்குகிறது. இது மரம் சாகும் அறிகுறி அல்ல. இந்த நேரத்தில் பதறிப்போய்த் தினமும் தண்ணீர் ஊற்றுவதும், உரம் போடுவதும், இன்று ஒரு மூலை நாளை ஒரு மூலை என்று இடம் மாற்றுவதும்தான் அதைக் கொல்கின்றன. இலை குறைந்த மரம் தண்ணீரையும் குறைவாகவே உறிஞ்சும். தொட்டி மண் ஈரத்திலேயே கிடந்து வேர் அழுகிவிடும்.

வாங்கி வந்த மரத்தை இரண்டு மூன்று வாரம் வராந்தாவில் வைத்திருந்து, பிறகு கிழக்கு ஜன்னலுக்கு அருகில் நிரந்தரமாக ஓர் இடம் கொடுத்து விட்டுவிட வேண்டும். நீண்ட சாய்ப்பும் கறுப்புக் கண்ணாடியும் திரைச்சீலையும் உள்ள வீடுகளில், நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் மூலை மரத்துக்கு இருட்டுதான். ஏசி காற்று நேராக இலையில் படும் இடமும் ஆகாது.

தண்ணீருக்குக் கிழமைக் கணக்கு வைப்பது நம் மாவட்டத்தில் பொருந்தாது. தென்மேற்குப் பருவத்தில் குலசேகரம், திருவட்டார் பக்கம் வீட்டுக்குள்ளும் ஈரம் கசியும்போது, அதே நாளில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே அடிக்கும் காற்று தோவாளைப் பக்கத்துத் தொட்டிகளைக் காய வைத்துவிடும். ஆகவே விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டாவிட்டால் மட்டும் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுவதே சரியான முறை. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் கிணற்று நீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும்; அங்கே சேமித்த மழைநீர் நல்லது. தொட்டிக் கலவையில் தென்னை நார்க்கழிவைச் சேர்ப்பவர்கள், நன்கு அலசி உப்பு நீக்கியதை அல்லது மக்கியதையே சேர்க்க வேண்டும். கதம்பை (தேங்காய் மட்டை) நமக்கு எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பச்சையாகப் போட்டால் வேர் தாங்காது.

தொட்டியின் அடித்தட்டைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய தெளிந்த நீர் உள்ள பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையிடும். நீர் வற்றினாலும் அம்முட்டை பல மாதங்கள் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து, மறுபடி நனையும்போது பொரிக்கும். முட்டை பொரித்து வளர்ந்த கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் போதும். இரு பருவமழைகளையும் பெறும் இம்மாவட்டத்தில் தட்டில் நிற்கும் நீரைக் கவிழ்த்துவிட்டால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை நார் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். தெருவில் கொசு மருந்து அடிக்கச் சொல்லி மனுக் கொடுக்கும் நாம், கூடத்தில் இருக்கும் இந்தத் தட்டைக் கவனிப்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மரத்தடியில் தரை பிசுபிசுத்து, எறும்பு வரிசை கட்டினால் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நடுநரம்பின் இருபுறமும் பழுப்பு நிறத்தில், நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும் சிறு செதில்கள் ஒட்டியிருக்கும். அவை சாறு உறிஞ்சும் செதில் பூச்சிகள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து இலையின் அடியில் படும்படி தெளித்தால் கட்டுப்படும். கிளையை வெட்டும்போது வடியும் பால் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும்; குழந்தைகளும் வளர்ப்பு நாய் பூனைகளும் இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும்’ என்று சொல்லி இம்மரங்களைக் கூடுதல் விலைக்கு விற்பது முறையல்ல. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும், 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வு, காற்றுப் புகாத சிறு பெட்டகங்களுக்குள் செய்யப்பட்டது. ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு ஈடான பயன் கிடைக்க ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகளாவது தேவைப்படும் என்று 2019-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. கண்ணுக்கும் மனத்துக்கும் அது தரும் இதமே வாங்குவதற்குப் போதுமான காரணம். அதேபோல, உள்ளே வாடிய பெஞ்சமினாவை இரக்கப்பட்டு மதிலோரம் நடுவோரும் இருக்கிறார்கள். அதன் வேர் அஸ்திவாரத்தையும் கழிவுநீர்த் தொட்டியையும் பிளக்கும் வலிமை உடையது என்பதால், சிறிய மனையில் அதைச் செய்யவே கூடாது.

எனவே, எந்த வெளிச்சத்தில் வைப்பது, எப்போது நீர் விடுவது, அடித்தட்டை எப்படிக் கழுவுவது என்ற மூன்றையும் தமிழில் அச்சிட்ட ஒரு சிறு அட்டையை ஒவ்வொரு தொட்டியிலும் கட்டித் தருமாறு நம் மாவட்ட நர்சரி உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் வல்லுநர்களிடம் இதற்கான வழிகாட்டுதலைப் பெற்று, தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் வெளியிட்டால் வாசகர்கள் பலருக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகி,
தக்கலை.