மருத்துவமனை ஸ்டோர் பொறுப்பாளர்களுக்கு: எப்போது ஆர்டர் போடுவது?

வணக்கம். உங்கள் ஸ்டோருக்கு மருந்தும் மருத்துவப் பொருள்களும் அனுப்புபவர்கள் நாங்கள்.

ராத்திரியில் அவசரமாகக் கேட்கப்படும் பொருள் பல சமயம் மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும். ஸ்டோரில் தீர்ந்திருக்கும், வார்டு அலமாரியில் இரண்டு பெட்டி பிரிக்காமல் கிடக்கும். எனவே முதலில் வார்டு இருப்பை எண்ணுங்கள். ஸ்டோரிலிருந்து கொடுத்ததெல்லாம் செலவானதாகக் கணக்கு வைத்தால் எந்த எண்ணும் சரியாக வராது.

20ஜி கேனுலா (ரத்தக் குழாயில் மருந்து ஏற்றச் செருகும் மெல்லிய குழாய்) நாளைக்கு 40 செலவாகிறது, சரக்கு வர 5 நாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 நாளுக்கு 200. எதிர்பாராத தேவைக்காகக் கூடுதலாக வைக்கும் காப்பிருப்பு, மூன்று நாளுக்கு 120. ஆக, இருப்பு 320-ஐத் தொடும்போதே ஆர்டர் போட வேண்டும். இந்த 5 நாளை நாங்கள் அனுப்பும் நாளிலிருந்து எண்ணாதீர்கள். உங்கள் அலுவலகத்தில் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் நாட்களும் அதில் சேர்த்திதான். பெரும்பாலும் கணக்கு உதைப்பது அங்கேதான்.

ஆர்டரில் அளவு அலகைக் கட்டாயம் எழுதுங்கள். வெறும் '100' என்றால் நூறு உருப்படியா, 50 அடங்கிய நூறு பெட்டியா? கம்ப்யூட்டரில் ஒருமுறை தப்பாக ஏறினால் அடுத்த கணக்கெடுப்பு வரை அந்த இருப்பு பொய்தான்.

விலையை வைத்து மட்டும் பொருள்களைத் தரம் பிரித்தால் அட்ரினலின், அட்ரோபின் போன்ற அவசர மருந்துகள் எல்லாம் கடைசி வரிசைக்குப் போய்விடும். அவை மலிவுதான், ஆனால் ஒரு மணி நேரம்கூட இல்லாமல் இருக்கக் கூடாது. இவற்றுக்குக் காப்பிருப்பைத் தாராளமாகவே வையுங்கள்.

அடுக்கும்போது வந்த தேதியைப் பார்க்காமல் காலாவதித் தேதியைப் பாருங்கள். பிந்தி வந்த பேட்ச் முந்திக் காலாவதியாவதும் உண்டு. காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே பேட்ச் எண்ணோடு எங்களுக்குச் சொல்லிவிடுங்கள். வெட்டிய மாத்திரை அட்டையையும் பிரித்த பெட்டியையும் திரும்ப எடுக்க முடியாது.

இன்சுலின், தடுப்பூசிகளுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். சூட்டுக்குப் பயப்படுபவர்கள் உறைவதை மறந்துவிடுகிறார்கள். ஃப்ரீசர் தட்டை ஒட்டி வைத்த இன்சுலின் உறைந்துவிட்டால், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் அப்படியே. குளிர்பெட்டி வந்ததும் வெப்பமானியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வெப்ப அளவு தவறியிருந்தால் டெலிவரி ஆளிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கடந்த மூன்று மாத வழங்கல் கணக்கையும் இன்றைய வார்டு இருப்பையும் அனுப்பினால், பொருள்வாரியாக ஆர்டர் அளவைப் போட்டுத் தருகிறோம்.