பிரவுசர் விளையாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இணைய விளையாட்டுகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காசு வைத்து ஆடும் சீட்டாட்டம், போனில் சுட்டுத் தள்ளும் விளையாட்டு, இணையப் பக்கம் பார்க்கும் பிரவுசருக்குள்ளேயே பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டு என எல்லாவற்றையும் ஒன்றாக மூட்டை கட்டி, மேலே 'அடிமைத்தனம்' என்று எழுதி ஒட்டிவிட்டார் கட்டுரையாளர். காசு வைத்து ஆடுவதைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை, அது சூதாட்டம்தான். ஆனால் பிரவுசர் விளையாட்டுகளை அதோடு சேர்த்தது சரியில்லை. பல வருடங்களாக அவற்றை ஆடி வருகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

'அதில் அப்படி என்னதான் இருக்கிறது?' என்று கட்டுரை கேட்கிறது, ஆனால் ஆடுகிறவர் ஒருவரிடமும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அதனால் நானே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், உள்ளே போவது எளிது. 2001-ல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கோவர் 'ரூன்ஸ்கேப்' என்ற, பலர் ஒரே கற்பனை உலகத்தில் ஆடும் சாகச விளையாட்டை வெளியிட்டபோது, பெரிய ஆன்லைன் விளையாட்டு என்றாலே பெரும்பாலும் சிடி வாங்க வேண்டும், இன்ஸ்டால் செய்ய வேண்டும், மாதச் சந்தா கட்ட வேண்டும், அதைத் தாங்கும் அளவுக்கு நல்ல கம்ப்யூட்டரும் வேண்டும். ரூன்ஸ்கேப் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதப்பட்டு பிரவுசருக்குள்ளேயே ஓடியது, காசு கட்டாமலும் ஆடலாம். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரோ, நூலகத்துக் கம்ப்யூட்டரோ, நண்பன் வீட்டில் இருக்கும் பழையதோ, எதில் லாகின் செய்தாலும் நம் ஆள், நம் வாள், நாம் பிடித்து வைத்த மீன் எல்லாம் விட்ட இடத்திலேயே இருக்கும், ஏனென்றால் அவை விளையாட்டை நடத்துகிறவர்களின் கம்ப்யூட்டரில், அதாவது சர்வரில், இருக்கின்றன. சொந்தமாகக் கம்ப்யூட்டர் இல்லாத ஒரு பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். 2015-ல் பிரேசிலைச் சேர்ந்த மாத்தேயுஸ் வலதாரெஸ் 19 வயதில் எழுதிய 'அகார்.ஐஓ'வில் அக்கவுண்டுகூட வேண்டாம். ஒரு பெயரை அடித்து பட்டனை அழுத்தினால் நீங்கள் ஒரு வட்டம். சின்ன வட்டங்களை விழுங்க வேண்டும், பெரிய வட்டங்களிடமிருந்து தப்பி ஓட வேண்டும், அவ்வளவுதான். எதிரில் ஓடுவதும் துரத்துவதும் எங்கோ இருக்கும் நிஜ மனிதர்கள் என்பதுதான் அதன் முழுச் சுவையும்.

அடுத்தது நேரம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ரொம்பத் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான். 'அர்பன் டெட்' என்று ஒரு விளையாட்டு இருந்தது. கெவன் டேவிஸ் என்ற ஒரே ஆள் உருவாக்கி 2005-லிருந்து நடத்தியது. மால்ட்டன் என்ற கற்பனை நகரத்தில் பிழைத்திருக்கும் மனிதர்கள் ஒரு பக்கம், செத்து எழுந்த ஜாம்பிகள் ஒரு பக்கம். இரண்டு பக்கமும் ஆடுவது மனிதர்களே. படம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது, சில கட்டங்கள், சில வரிகள், சில பட்டன்கள். நடந்தால் ஒரு புள்ளி, தேடினால் ஒரு புள்ளி, அடித்தால் ஒரு புள்ளி என்று ஒவ்வொரு செயலுக்கும் புள்ளி குறையும். அதிகபட்சம் 50 புள்ளிதான் வைத்திருக்க முடியும், அரை மணி நேரத்துக்கு ஒரு புள்ளி திரும்ப ஊறும். ஆகவே பத்து, பதினைந்து நிமிடத்தில் அன்றைய ஆட்டம் முடிந்துவிடும். அதற்கு மேல் ஆட வேண்டும் என்று நாம் நினைத்தாலும் விளையாட்டு விடாது. டேபை மூடிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

ஆனால் டேபை மூடினாலும் நம் ஆள் அந்த நகரத்தை விட்டுப் போவதில்லை, நின்ற இடத்திலேயே தூங்குவான். தெருவில் விட்டுவிட்டுப் போனால் காலையில் பிணம். அதனால் கடைசிப் புள்ளிகளை மிச்சம் வைத்து, கதவுக்கு முட்டுக்கொடுத்த ஒரு கட்டடத்தைத் தேடி உள்ளே போய்ப் படுப்பார்கள். முட்டுக்கொடுத்தது யார்? முன்பின் தெரியாத யாரோ ஒருவர், தன்னுடைய புள்ளிகளைச் செலவழித்து. ராத்திரி ஜாம்பிகள் அதை உடைக்கும்போது விழித்திருக்கும் வேறு யாரோ மேசை நாற்காலிகளை இழுத்துப் போட்டு அடைப்பார். நாம் செத்து ஜாம்பியாகிவிட்டால் கல்லறைத் தோட்டத்தில் போய் நிற்பது வழக்கம்; அந்த வழியாக வரும் ஒருவர் ஊசி போட்டு மறுபடி மனிதராக்குவார். அந்த ஊசிக்கு 10 புள்ளி. அதாவது அவருடைய ஐந்து மணி நேர ஊறல், பெயர்கூடத் தெரியாத நமக்காக. இந்தக் கணக்கு புரிந்தவருக்கு இந்த விளையாட்டுகளை ஏன் ஆடுகிறோம் என்பதும் பாதி புரிந்துவிடும்.

ஜாம்பியாக ஆடுகிறவர்களிடம் இன்னொரு அழகான விஷயம் நடந்தது. ஜாம்பிக்கு வாய் சரியாக வராது என்பதால் அவர்கள் பேசும் வரியில் ஏ, பி, ஜி, எச், எம், என், ஆர், இஸட் என்ற எட்டு ஆங்கில எழுத்துகளையும் சில குறிகளையும் மட்டுமே விளையாட்டு அனுமதித்தது. ஆடுகிறவர்கள் அந்த எட்டு எழுத்தை வைத்தே ஒரு பாஷையை உண்டாக்கிவிட்டார்கள், அதற்குச் சொற்பட்டியலும் எழுதி வைத்தார்கள். யாரும் கேட்கவில்லை, பரிசும் இல்லை. வேடம் கட்டி ஆடுவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கிராஃபிக்ஸ் குறையக் குறைய ஆடுகிறவர்களின் கற்பனைக்கு இடம் அதிகமாகிறது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜெர்மனியில் 2004-ல் வெளிவந்த 'டிராவியன்' வேறு ரகம். ஒரு கிராமம், மரம், களிமண், இரும்பு, தானியம் என்று நான்கு வளங்கள், அக்கம்பக்கத்தில் வேறு ஆட்கள். படை கிளம்பினால் உடனே போய்ச் சேராது, தூரத்தைப் பொறுத்து மணிக்கணக்கில் நடக்கும். உங்கள் கிராமத்தை நோக்கி ஒரு பெரும்படை வருகிறது என்று திரையில் நேரம் இறங்கிக்கொண்டே வரும்போது, கூட்டணிக்குச் செய்தி போடுகிறீர்கள். ஒவ்வொருவராகத் தங்கள் வீரர்களை உங்களுக்குக் காவலாக அனுப்புகிறார்கள். அப்புறம்தான் அடுத்த சிக்கல்: வந்த வீரர்கள் சாப்பிடுவது உங்கள் தானியத்தை. களஞ்சியம் காலியானால் காக்க வந்தவர்கள் உங்கள் ஊரிலேயே பட்டினியால் சாவார்கள். அதனால் படை அனுப்ப வசதி இல்லாத சின்ன ஆட்கள் தங்கள் வணிகர்களிடம் தானியத்தை ஏற்றி அனுப்புகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர் அனுப்பிய ஒரு வண்டித் தானியம்கூட அன்று கணக்கில் வரும். யார் எப்போது தூங்கப் போகிறார்கள், யார் விடியற்காலையில் விழிப்பார்கள் என்றெல்லாம் முறை வைத்துக்கொண்டு, முகமே பார்த்திராத நாற்பது ஐம்பது பேர் ஒருவர் ஊரை ஒருவர் காப்பதைப் பார்த்திருக்கிறேன். 'தனிமையில் முடங்கிய இளைஞர்கள்' என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. நான் பார்த்ததற்கும் அந்த வரிக்கும் சம்பந்தமே இல்லை.

இதெல்லாம் நேற்று முளைத்ததும் இல்லை. 1978-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் வெறும் எழுத்தாலேயே ஓர் உலகத்தைக் கட்டினார்கள். 'மட்' என்று அதற்குப் பெயர், வேடம் கட்டி ஆடும் இன்றைய ஆன்லைன் ரோல்-பிளேயிங் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் மூதாதை. இப்படிப்பட்ட விளையாட்டுகளுக்கு யார் எதற்காக வருகிறார்கள் என்பதை வைத்து பார்ட்டில் 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார். சாதிக்க வருபவர்கள், சுற்றிப் பார்க்க வருபவர்கள், பேசிப் பழக வருபவர்கள், மற்றவர்களை வீழ்த்த வருபவர்கள் என்று நான்கு வகை. கடைசி வகையினரைத்தான் வெளியே இருப்பவர்கள் எப்போதும் பார்க்கிறார்கள். ஆடுகிற எனக்கோ, பேசிப் பழக வருபவர்கள் இல்லாமல் எந்த விளையாட்டும் நீடித்து நின்றதாகத் தெரியவில்லை. நேரில் நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தயங்குகிற ஒருவர், கூட்டணித் தலைவராகி, சண்டையிட்டுக்கொண்ட இரண்டு பேரைச் சமாதானம் செய்து, பிரிந்துபோக இருந்த கூட்டத்தைப் பிடித்து வைத்ததும் நடந்திருக்கிறது. வேறொரு பெயர் கொடுத்த தைரியம் அது. பெயர் மட்டும்தான் வேறு, பொறுமையும் நியாயமும் அவருடையவை.

குழந்தைகளும் அப்படித்தான். பிள்ளைகள் பெங்குயின் வேடத்தில் உலாவும் 'கிளப் பெங்குயின்' 2005-ல் தொடங்கியது, 2007-ல் டிஸ்னி அதை 35 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் ஒரு பனிப்பாறை உண்டு. எல்லாரும் ஒரே பக்கமாக நின்று துளையிட்டால் பாறை சாயும் என்று பிள்ளைகளுக்குள் ஒரு வதந்தி. தொப்பி போட்ட பெங்குயின்கள் கூட்டம் கூட்டமாக வந்து, இந்தப் பக்கம் வாங்க, அந்தப் பக்கம் நகருங்க என்று ஒருவரையொருவர் அழைத்து வருடக்கணக்கில் முயன்றன. பாறை அசையவே இல்லை. 2017-ல் விளையாட்டை மூடப் போகும் சமயத்தில், கடைசிக் கொண்டாட்டத்தில், அதை நிஜமாகவே சாய வைத்தார்கள். பிள்ளைகள் தாங்களாகவே கிளப்பிய கதையை நடத்தியவர்கள் அவ்வளவு வருடம் கழித்தும் மதித்தது எனக்கு ரொம்பப் பிடித்தது.

சரி, குறையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2009-ல் ஃபேஸ்புக்கில் வந்த 'ஃபார்ம்வில்' நினைவிருக்கலாம். அதில் விதைத்துவிட்டு நேரத்துக்கு வராவிட்டால் பயிர் வாடிப் போகும். அர்பன் டெட் 'இன்றைக்குப் போதும், போ' என்று சொன்னது, ஃபார்ம்வில் 'வராவிட்டால் உனக்கு நஷ்டம்' என்று சொன்னது. இரண்டும் ஓடியது பிரவுசரில்தான், ஆனால் இரண்டின் நோக்கமும் நேர் எதிர். சில விளையாட்டுகளில் காசு கொடுத்தால் கட்டடம் சீக்கிரம் முடியும், காசு கொடுத்தால் பலம் கூடும் என்பது இன்னும் மோசம்; வண்டித் தானியம் அனுப்பியவரின் உழைப்புக்கு அங்கே மதிப்பில்லாமல் போய்விடுகிறது. இப்படிப்பட்டவற்றைக் கட்டுரை பெயர் சொல்லிக் கண்டித்திருந்தால் நானே முதல் ஆளாகக் கைதட்டியிருப்பேன். முன்பின் தெரியாதவர்களோடு பிள்ளைகள் பேசுவது பற்றிய கவலையும் நியாயமானது, பெற்றோர் கூட உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

கட்டுரை தொடாமலே விட்ட ஒன்று இருக்கிறது, என்னை உண்மையிலேயே வருத்துவது அதுதான். இந்த உலகங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. 2020 டிசம்பர் 31-ம் தேதி பிரவுசரில் விளையாட்டுகளை ஓட்ட உதவிய ஃபிளாஷ் என்ற மென்பொருளை அடோபி நிறுவனம் நிறுத்தியதும் அதை நம்பி இருந்த பல பிரவுசர் விளையாட்டுகள் நின்றுபோயின. ஃபிளாஷ்பாயிண்ட் என்ற தன்னார்வ முயற்சி ஆயிரக்கணக்கானவற்றைச் சேமித்து வைத்திருக்கிறது, நல்ல காரியம். ஆனால் தனியாக ஆடும் விளையாட்டைச் சேமிப்பது வேறு, பலர் சேர்ந்து ஆடியதைச் சேமிப்பது வேறு. பின்னதன் உயிர் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது, அதை அணைத்துவிட்டால் நம் கம்ப்யூட்டரில் எஞ்சுவது வெறும் வெள்ளைத் திரை. அர்பன் டெட்டும் 2025 மார்ச்சில் மூடப்பட்டது. பிரிட்டனின் புதிய இணையப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கும் பொறுப்புகளையும் அபராத அபாயத்தையும் ஒரு தனி ஆள் தாங்க முடியாது என்பதுதான் காரணம். பெரிய நிறுவனங்களை மனதில் வைத்து எழுதிய சட்டம், காசே கேட்காமல் ஏறக்குறைய 20 வருடம் ஓடிய ஒரு சின்ன விளையாட்டை மூட வைத்தது. பிள்ளைகளின் பாதுகாப்புக்குச் சட்டம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சட்டம் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சின்ன உலகங்கள் இருப்பதே தெரியாமல் போனால் இப்படித்தான் ஆகும். உங்கள் கட்டுரை மாதிரி எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டும் எழுத்துகளும் அதற்குத் துணைபோகின்றன என்பதால்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

வேறு வழியும் உண்டு என்பதற்கு ரூன்ஸ்கேப்பே சாட்சி. விளையாட்டு மாறிப்போய்விட்டது என்று பழைய ஆட்கள் ஓயாமல் கேட்டதால், 2007-ல் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதியை 2013-ல் வாக்கெடுப்பு நடத்தித் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதில் புதிதாக எதையும் பெரும்பாலும் ஆடுகிறவர்களின் ஓட்டைக் கேட்டே சேர்க்கிறார்கள். இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. அடுத்த முறை இந்த விஷயத்தை எழுதும்போது காசு வைத்து ஆடுவதைத் தனிக் கட்டுரையாக எழுதுங்கள். பிரவுசர் விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர் அவற்றில் ஒன்றில் ஒரு பெயர் வைத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு கூட்டணியிலாவது சேர்ந்து, இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்து எழுதட்டும். எதில் தொடங்கலாம், யாரோடு சேரலாம் என்று சொல்ல நான் தயார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்